உயிர்மெய்க்கு ஒரு தண்ணீர்ப் போத்தல்: வெள்ளவத்தைச் செயலமர்வு பற்றி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றிலுள்ள சிறிய மண்டபத்தில், முன்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காகச் சனிக்கிழமை காலையில் ஒரு செயலமர்வு நடைபெறுகிறது. வீட்டில் வீசப்படும் பொருட்களைக் கொண்டு எழுத்து, எண் விளையாட்டுகள் செய்யப் பழக்குவதே அதன் நோக்கம். ஆங்கில எழுத்துகளுக்கென உருவான விளையாட்டில் எழுத்தை மட்டும் மாற்றித் 'தமிழ்' என்று கையில் தருவதே வழக்கமாகிவிட்ட நிலையில், இதை நடத்தும் ஆசிரியை தமிழ் எழுத்தின் அமைப்பிலிருந்தே தொடங்குகிறார். நான் இதைப் பரிந்துரைப்பதற்கு அதுவே முதற்காரணம்.

அவர் செய்துகாட்டியவற்றில் தலைசிறந்தது போத்தல் வளையம். பால்மாப் பெட்டி மட்டையை விரலகல நாடாக்களாக வெட்டி, 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலைச் சுற்றித் தளர்வாக மூன்று வளையங்கள் ஒட்ட வேண்டும். நடு வளையத்தில் மெய்வரிசையின் அகர எழுத்துகள் பதினெட்டும், இடது வளையத்தில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவையும், வலது வளையத்தில் அரவும் (ா) ஔகாரத்தின் பின்குறியும் வரும். இரு ஓர வளையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றிடம் விடப்படும். போத்தலைப் படுக்கையாக வைத்து வளையங்களைத் திருப்பினால் க, கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ என எட்டு வடிவங்கள் கிடைக்கின்றன. 18 வரிசைக்கும் கணக்கிட்டால் 216 உயிர்மெய்களில் 144 இந்த ஒரே போத்தலில் அடங்கிவிடுகின்றன. ஐகாரக் குறியும் அரவும் ஒன்றாக வந்து நின்றால், "இப்படி ஓர் எழுத்து இருக்கா, பிள்ளை?" என்று கேட்கும்படி சொன்னார். இல்லாத எழுத்தைக் கண்டுபிடித்துச் சிரிக்கும் பிள்ளைக்கு, இருக்கும் எழுத்து தானாகவே பதிந்துவிடும். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டிவிடுவதாலும், உகரத்தில் எழுத்தின் உருவமே மாறிவிடுவதாலும், எஞ்சிய 72 எழுத்துகளை வளையத்தில் கொண்டுவர முடியாது. அவற்றுக்குத் தனி அட்டைகள் செய்ய வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது.

எண்ணுக்கு, சுப்பர்மார்க்கட்டில் பத்து முட்டை அடைத்து விற்கும் பெட்டி போதும். ஐந்தைந்தாக இரு வரிசை என்பதால், ஏழு மூடிகளை வைத்தால் மேல்வரிசை நிறைந்து கீழே இரண்டு நிற்கும். வெறுமையான குழிகள் மூன்று என்பதும் எண்ணாமலே கண்ணுக்குத் தெரியும். பச்சை முட்டையின் அழுக்கு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், கழுவ முடியாத கடதாசிப் பெட்டியை விடச் சவர்க்காரமிட்டுக் கழுவக்கூடிய பிளாஸ்ரிக் பெட்டியே நல்லது. நிறம் பிரித்தல், கிலுகிலுப்பை போன்ற ஏனையவை எங்கும் காணக்கூடியவை.

குறை பாதுகாப்பில்தான் இருக்கிறது. பிள்ளையின் வயதைக் கேட்காமலே எல்லாருக்கும் சோடாப் போத்தல் மூடிகளும் புளியங்கொட்டைகளும் பகிர்ந்தார்கள். ரொய்லெட் ரோலின் மட்டைக் குழலுக்குள் நுழையும் எப்பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடியது என்பது பெற்றோர் எளிதாக நினைவில் வைத்திருக்கக்கூடிய சோதனை. ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் அகலமுள்ள சோடா மூடி அதற்குள் தாராளமாகவே நுழைந்துவிடும். புளியங்கொட்டை மூக்கினுள்ளும் போகும். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் ஜாம் போத்தலின் அகன்ற மூடிகளைப் பயன்படுத்தலாம். முட்டைப் பெட்டியை இன்னும் ஓரிரு ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

வீசும் பொருட்களைப் பற்றிய செயலமர்வின் வாசலில் மினுமினுப்புத் தாளும் ஸ்ரிக்கரும் விற்பனைக்கு வைத்திருந்தது எனக்கு விளங்கவில்லை. அவற்றை வாங்காமல் கத்திரிக்கோலும் அழியாத மாக்கர் பேனையும் மட்டும் எடுத்துச் சென்றால் போதும். பிள்ளைகளை விட்டுவைக்க அங்கே இடமில்லை; வீட்டில் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுச் செல்வது உத்தமம்.