டி.எல்.டி. மாத்திரை: சாப்பிட்டு வருகிறவள் எழுதும் மதிப்பீடு

டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைதான் டி.எல்.டி. ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் ஒரு நாளைக்கு ஒன்று போட வேண்டும். ஹெச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம். நான் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போட்டுப் பிழைக்கிறவள். 2008-லிருந்து கூட்டு மருந்து எடுக்கிறேன். என் பெயரையும் மையத்தின் பெயரையும் எழுதவில்லை. என்னோடு பெஞ்சில் உட்காருகிறவர்களை யாரும் தேடி வரக்கூடாது.

பழைய மருந்துகளைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். அன்றைக்கு சி.டி.4 எண்ணிக்கை, அதாவது நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் கணக்கு, 200-க்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலும் மருந்து தொடங்குவார்கள். எனக்கு அதற்கு மேலே இருந்தது. "குறைஞ்சதும் வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். உடம்பு கெடட்டும் என்று காத்திருந்த அந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்கும். 2017-லிருந்து அந்த விதி இல்லை. நோய் உறுதியானதுமே மருந்து தொடங்குகிறார்கள்.

முதலில் வந்தது ஸ்டாவுடின் சேர்ந்த மாத்திரை. உயிரைக் காப்பாற்றியது, ஆனால் கன்னம் இரண்டும் ஒட்டிப்போயின. உள்ளங்கால் நெருப்பாய் எரியும். களை வெட்டும்போது செருப்பைக் கழற்றி ஈர மண்ணில் காலை வைத்துக்கொண்டு நிற்பேன். மண்டிக்குப் போனால் "என்ன இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்த மருந்தைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்னது. பிறகு ஜிடோவுடின் கொடுத்தார்கள், ரத்தம் குறைந்துபோனது. அதற்குப் பிறகு எஃபாவிரென்ஸ் சேர்ந்த ராத்திரி மாத்திரை. போட்ட கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். விடிய விடியக் கெட்ட கனவு. விடிகாலையில் எழுந்து தக்காளி பறிக்கிறவளுக்கு அது பெரிய தண்டனை.

டி.எல்.டி.க்கு மாற்றிய அன்று ஆலோசகர் பெண், "அக்கா, இனிமே ராத்திரி போட வேணாம். காலையில டீ குடிச்சுட்டுப் போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றது. அப்படியே நடந்தது. தலைசுற்றல் இல்லை, கால் எரிச்சல் கூடவில்லை. பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. இந்த நிலையிலேயே இருக்கிறவரிடமிருந்து உடலுறவு வழியாக நோய் பரவாது. இதை அந்தப் பெண் என்னையும் வீட்டுக்காரரையும் சேர்த்து உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னது. நாங்கள் இருவரும் நிம்மதியாய்த் தூங்கியது அன்றைக்குத்தான்.

குறைகள் உண்டு. எடை கூடுகிறது, எனக்கும் கூடியது. சிலருக்குத் தூக்கம் கெடும், காலையில் போட்டால் அது குறையும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட்டை இதோடு சேர்க்கவே கூடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். முதலில் அதைக் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவர்கள் அந்த டாக்டரிடம் டி.எல்.டி. பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அளவு நாளைக்கு 1,000 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்பார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிர் தனியாக இன்னொரு வேளை தேவைப்படும்.

இந்த டப்பாவின் விலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2000 வாக்கில் இதே நோய்க்கு மேல்நாட்டுக் கம்பெனிகளின் மருந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். நிலத்தை விற்றாலும் எங்களுக்கு எட்டாது. 2001-ல் சிப்லா என்ற நம் நாட்டு மருந்துக் கம்பெனியின் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். அவரால் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் 1970-ன் காப்புரிமைச் சட்டம். மருந்தைத் தயாரிக்கும் முறைக்குத்தான் அதில் காப்புரிமை, மருந்துக்கே கிடையாது; அதே மருந்தை வேறு முறையில் தயாரிக்கலாம். உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005-ல் அது மாறியது. அதன்பின் வந்த டோலுடெக்ராவிருக்கு உரிமம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மற்ற கம்பெனிகளும் மலிவாகத் தயாரிக்க உரிமம் வாங்கித் தரும் மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு வழியாக 2014-ல் அது கிடைத்தது. 2017-ல் ஏழை நாடுகளுக்கு டி.எல்.டி. ஆண்டுக்குச் சுமார் 75 டாலர் என்று விலை பேசி முடித்தார்கள். தென்னாப்பிரிக்க அரசின் மருந்துச் சட்டத்தை எதிர்த்து 39 கம்பெனிகள் போட்ட வழக்கை 2001-ல் வாபஸ் வாங்கவைத்தது அங்கே தெருவில் இறங்கிய நோயாளிகளும்தான். முகம் தெரியாத அந்த மக்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மாத்திரை நல்லது. அது கைக்கு வந்து சேரும் பாதை அப்படி இல்லை. மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் பறிப்பு தவறாது, விலை இருக்கும்போதே சரக்கை மண்டியில் போடலாம். இருப்பு குறைந்தால் அடிக்கடி அலைய வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாதது பெரிய உதவி, ஆனால் போன கூலியை யார் தருவார்கள்? 2022-ல் மருந்துத் தட்டுப்பாட்டுக்காக டில்லியில் நோயாளிகள் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடினார்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும் என்று எங்களை எச்சரிக்கிறவர்கள், டப்பா தடையில்லாமல் வரவும் பொறுப்பேற்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தபோதுதான் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நாள் குறித்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் "இங்க வசதி இல்லை" என்றார்கள். அதையும் வராந்தாவில், என் கொழுந்தனார் காதில் விழும்படி சொன்னார்கள். ஹெச்.ஐ.வி. இருப்பதைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதும், சம்மதமில்லாமல் வெளியே சொல்வதும் 2017-ன் சட்டப்படி தவறு. அது 2018 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. இந்தப் பயத்தால்தான் டப்பாவின் லேபிளைக் கிழித்து, குலுங்கும் சத்தம் கேட்காதபடி உள்ளே பஞ்சு அடைத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கிறேன். வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது, ஈரம் பட்டால் மாத்திரை கெட்டுவிடும்.

இப்போது லெனாகாபாவிர் என்று ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வந்திருக்கிறது. நோய் வராமல் தடுக்க 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. அங்கே அதன் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். 2027-லிருந்து ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ இரண்டும் அறிவித்திருக்கின்றன. மாத்திரையைப் போல அதற்கும் இருபது வருஷம் காத்திருக்க முடியாது. அரசு இப்போதே அதைத் திட்டத்தில் சேர்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

டி.எல்.டி.யைத் தயங்காமல் தொடங்குங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை. தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எனக்கு வந்த டப்பாக்களில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. ஆன்டாசிட் எச்சரிக்கையையாவது தமிழில் அச்சடித்து, லேபிளைக் கிழித்தாலும் போகாதபடி மூடியின் உட்பக்கம் ஒட்டிக் கொடுங்கள்.