கல்லடிப் பெரியம்மா கடை: மீன் சாப்பாடும் நாலு விலை மட்டைகளும்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தகரக் கூரை, நாலு வாங்கு, கை கழுவ ஒரு குழாய். உயர்தரம் படித்த காலத்தில் இருந்தே நான் அங்கே சாப்பிடுகிறேன். இப்போது அதே உயர்தரப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். காலை வகுப்புக்கும் பின்னேர வகுப்புக்கும் நடுவில் கிடைக்கும் ஒன்றரை மணித்தியாலம் அந்தக் கடைக்குத்தான். கடைக்கார அம்மாவை ஊரே பெரியம்மா என்று கூப்பிடும். எனக்கு முப்பத்தாறு வயதாகியும் அவருக்கு நான் இன்னும் "மனே"தான், அதாவது மகனே.

முதலில் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல், ஒரு துண்டு மீனோடு குழம்பு, மேலே மாங்காய் போட்ட பாலாணம். சொதியைத்தான் எங்கள் பக்கத்தில் பாலாணம் என்போம். இந்தப் பாலாணத்துக்காகவே நான் மழையிலும் போயிருக்கிறேன். புளிப்பு முன்னுக்கு நிற்கும், தேங்காய்ப்பால் பின்னால் வந்து அதை அணைக்கும். மீன் அன்று காலையில் நாவலடிப் பக்கம் கரைக்கு வந்ததாக இருக்கும். பெரும்பாலும் சூரை அல்லது பாரை, கரைவலையில் கிடைத்தால் கீரி. இறால் பொரியல் சில நாட்களில் மட்டும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையில் இருந்து எருமைத் தயிர்ச் சட்டி வரும் நாள் என்றால் கடைசியில் ஒரு கரண்டி தயிரும் சீனியும் கிடைக்கும்.

மீன் இவ்வளவு புதிதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு கடையில் ஒரு பெரிய பிரிட்ஜ் இருந்தது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் ஏறியபோது, பெரியம்மா அதை விற்றுவிட்டார். அன்றில் இருந்து அன்றன்றைக்கு வாங்கும் மீன் மட்டும்தான். கடல் கொந்தளிப்பாக இருந்தால் கடையில் மீனே இராது. சோறும் விறகில்தான் வேகிறது. 2024 ஜனவரியில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகி, அதுவரை விலக்கு இருந்த சமையல் எரிவாயுவுக்கும் வந்தபோது தேங்காய்ப் பொச்சுமட்டைக்கும் விறகுக்கும் திரும்பினார். சோற்றில் மெல்லிய புகை வாசம் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். ஆனால் அந்தப் புகையில் நிற்பது அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி விலை. பெரியம்மா விலையைக் காட்போட் மட்டையில் எழுதிக் கட்டித் தொங்கவிடுவார். பழைய மட்டைகளை எறிவதில்லை, புதியதற்குப் பின்னாலேயே கிடக்கும். மீன் சாப்பாடு 2021 தொடக்கத்தில் 180 ரூபாய். 2022 மே மாதம் 300. அதே ஆண்டு ஒக்டோபரில் 400. இப்போது 380. நான் இந்த நாலு மட்டைகளையும் படம் எடுத்து வகுப்பில் காட்டுகிறேன். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. சரியாக ஒரு வருடம் கழித்து 1.3 சதவீதம். 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே. "அப்ப ஏன் சேர் பெரியம்மா கடையில விலை பழைய 180க்கு இறங்கல்ல?" என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 2024இல் அந்த வேகம் நின்றது. விலை ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

2025 ஜூனில் சர்வதேச நாணய நிதியத்தின் அப்போதைய முதல் துணைத் தலைவி கீதா கோபிநாத் கொழும்புக்கு வந்து இலங்கையின் மீட்சியைப் பாராட்டிய செய்தி, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடை வானொலியில் போனது. "ஆர் மனே அந்த மனிசி?" என்று கேட்டார் பெரியம்மா. சொன்னேன். 2023 மார்ச்சில் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்த நிதியம், அதன் துணைத் தலைவி, நாடு நன்றாக எழும்பிவிட்டது என்கிறார் என்று. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ஓம் மனே, வெள்ளம் ஏறுறது நிண்டுட்டு. இன்னும் வத்தல்ல. வாசல்ல தண்ணி கிடக்கு."

மாரியில் வாவி பெருகி வீட்டுக்குள் வந்த அனுபவம் உள்ள எவருக்கும் இது விளங்கும். பணவீக்கத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் வாசித்ததில்லை. அடுத்த நாள் அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

அந்தப் பாராட்டு பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மே மாதம் கையில் பாவிக்கக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லை என்று நிதியமைச்சரே சொன்னார். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்தோம், பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் வாங்கும் பங்கீடு வந்தது. 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது, 2025இல் கையிருப்பு 6 பில்லியன் டொலர் அளவில் இருந்தது, வரிசை இருக்கவில்லை. இதெல்லாம் நடந்த காரியங்கள். என் மனம் ஆறாதது வேறு இடத்தில். வெளியில் இருந்து வருகிறவர்கள் பாராட்டும்போது கொள்கையைப் பாராட்டுகிறார்கள், அந்தக் கொள்கைக்கு யார் பணம் கட்டினார்கள் என்பதைச் சொல்வதில்லை. எரிபொருளை அடக்கவிலைக்கு விற்க வேண்டும் என்ற முடிவில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது. எங்கள் கரையில் இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. பல படகுகள் அப்போது மணலில் கிடந்தன. விலை பிறகு இறங்கியது. ஆனால் பெரியம்மாவின் மூன்றாவது மட்டையில் இருக்கும் 400 என்ற இலக்கத்துக்குள் அந்த மண்ணெண்ணெயும் இருக்கிறது.

2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடி கொழும்பில் பேசியபோது இலங்கை மக்களின் துணிவையும் பொறுமையையும் பாராட்டினார். அந்தப் பயணத்தில்தான் கிழக்கு மாகாணத்துக்கு ஏறத்தாழ 240 கோடி இலங்கை ரூபாய் நன்கொடை பற்றிய உடன்பாடும் வந்தது. பொறுமை என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு இந்தக் கடைதான் நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் அரைச் சாப்பாடு.

2022 ஜூலையில், கூலி வேலைக்காரர்கள் ஒரு பார்சலை வாங்கி இரண்டு பேர் பிரித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, பெரியம்மா தானாகவே அரைச் சாப்பாடு போடத் தொடங்கினார். பாதிச் சோறு, ஆனால் எல்லாக் கறியும், மீன் துண்டும் முழுதாக. இப்போது அது 200 ரூபாய். நெருக்கடி முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாராம். நிறுத்த முடியவில்லை. நான் போகும் நாட்களில் வாங்கில் இருக்கிறவர்களை எண்ணிப் பார்க்கிறேன். பத்துப் பேரில் ஆறு பேர் அரைதான் கேட்கிறார்கள். உலக வங்கியின் மதிப்பீட்டில் 2024இல் நாட்டில் நாலில் ஒருவர் வறுமையில் இருந்தார்கள். கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு ஒரு கொப்பியில் கணக்கு எழுதிச் சோறு போடுகிறார். அந்தக் கொப்பியைக் காட்டச் சொன்னேன். "மறுகா (பிறகு) காட்டுறன்" என்று அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டார், இன்னும் காட்டவில்லை.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், அரை மணித்தியாலம் நிற்க நேரும். தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்ட பிறகு சம்பல் தேடிப் பார்க்கும் அளவுக்குக் குறைந்துவிட்டது, உப்பும் சில நாள் தூக்கல். தண்ணீர் வெயிலில் வைத்த மாதிரிச் சூடாக இருக்கும், உங்கள் போத்தலைக் கொண்டு போவது நல்லது. காட் எடுக்கமாட்டார், சில்லறை வேண்டும்.

பன்னிரண்டே காலுக்கு முன் போய்விடுங்கள். ஒரு மணிக்குப் பிறகு மீன் நிச்சயம் இல்லை. பார்சல் கேட்டால் லஞ்ச் சீற்றில் தருவார், வாழையிலை நீங்கள் கொண்டு போனால் அதில் கட்டித் தருவார், ருசி இரண்டு மடங்கு. பாலாணம் இன்னொரு கரண்டி கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அதற்குக் காசு வாங்கமாட்டார். முழுச் சாப்பாடு வாங்க வசதி இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுச் சாப்பாடே வாங்குங்கள். அரைச் சாப்பாட்டில் அவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. முழுச் சாப்பாட்டில் மிஞ்சுவதில்தான் அது ஓடுகிறது.