வேலைக்குச் சைக்கிளில் போக: சாலையா, பூங்கா இணைப்புப் பாதையா?

சிங்கப்பூரில், தெம்பனிஸிலிருந்து பிடோக்கில் உள்ள வேலையிடத்துக்கு முதல் நான்கு மாதம் சாலையில்தான் சைக்கிள் ஓட்டினேன். பிறகு, பூங்காக்களை இணைக்கும், நடப்பவர்களும் சைக்கிளோட்டிகளும் பகிர்ந்துகொள்ளும் பூங்கா இணைப்புப் பாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் மாறினேன். திரும்பிச் சாலைக்குப் போகும் எண்ணம் இல்லை.

சாலை நேர்வழி, பாதை சுற்று. காலையில் பத்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். சாலையில் தலைக்கவசம் 2019 முதல் கட்டாயம். பாதையிலும் நான் கழற்றுவதில்லை.

என்னை மாற்றியது ஒரே விஷயம்: ஆபத்து என் கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லையா. சாலையின் இடது ஓரத்தில் போகும்போது பின்னால் வரும் லாரியை நான் பார்க்க முடியாது. ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டுக் கடக்கவேண்டும் என்று வாகனங்களுக்கு வழிகாட்டுதல் உண்டு. ஒருநாள் டிப்பர் லாரி ஒன்று உரசாத குறையாகப் போனது. அதன் காற்றில் சைக்கிளே ஒரு பக்கம் சாய்ந்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதைத் தவிர நான் செய்ய எதுவும் இல்லை. பாதையில் தள்ளுவண்டியோடு வரும் பாட்டி, நீளக் கயிற்றில் நாய், குறுக்கே ஓடும் பிள்ளை என எல்லாம் எனக்கு முன்னால்தான். பிரேக் என் கையில்.

ஆனால் கார் பார்க் வாசலிலும் சாலையைக் கடக்கும் இடங்களிலும் பாதைதான் மோசம். வெளியே வந்து இடப்பக்கம் திரும்பும் ஓட்டுநர் வலப்பக்கம்தான் பார்ப்பார், கார்கள் அங்கிருந்துதானே வரும்? சாலையில் போனால் நானும் அந்தப் பக்கமிருந்தே வருவேன், கண்ணில் படுவேன். பாதையில் எதிர்த்திசையிலும் வரலாம். அப்படி வந்த ஒரு காலை, வெள்ளை வேன் ஒன்றின் பம்பர் என் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். அது நொடிக்கு 7 மீட்டர். 10 கிலோமீட்டரில் 3 மீட்டர்கூட இல்லை. இப்போது வாசல் வந்தாலே நடை வேகத்துக்கு வந்துவிடுவேன். ஓட்டுநர் என்னைப் பார்த்த பிறகுதான் மிதிப்பேன்.

வார இறுதி விடியலில் குழுவாக ஓட்டுகிறவர்களுக்குச் சாலை சரிப்படலாம். நான் தனியாகவே ஓட்டியவன். 30க்கு மேல் பறக்க விரும்புகிறவர்கள் பாதைக்கு வரவே வேண்டாம். அந்தப் பாட்டிக்கு நாம்தான் லாரி. 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதையை ஒட்டியுள்ள பாதசாரிப் பாதையில் சைக்கிள் ஓட்டத் தடை. எனக்கு அது முழுச் சம்மதம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பாதை பிரியாத இடங்களில் மாலை நேரக் கூட்டத்தைக் கண்டால் மணியடித்து வழி கேட்பதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.