மல்ட்டால்: ஓசில கிடைக்கற இம்பெல்லர் டிசைன் சாஃப்ட்வேர், நம்பி எடுக்கலாமா?

சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசர் இம்பெல்லர் (சுத்தி காத்தை வெளிப்பக்கமா தள்ளி அழுத்தற ப்ளேடு சக்கரம்) டிசைனுக்கு சாஃப்ட்வேர் தேடி லைசென்ஸ் விலையை கேட்டாலே பாதி பேர் வந்த வழியே போயிடுவாங்க, பெரிய கம்பெனிங்க சொந்தமா எழுதி வச்சிருக்கற கோடை கண்ணுல கூட காட்ட மாட்டாங்க. அப்படி இருக்கறப்போ கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டி ப்ரொஃபசர் ஜான் டென்டன் மல்ட்டால்ங்கற தன்னோட மொத்த சிஸ்டத்தையும் 2017ல சோர்ஸ் கோடோட சும்மா குடுத்துட்டாரு, அதுக்கே ஒரு பெரிய கும்பிடு.

உள்ள மூணு ப்ரோகிராம். மீன்ஜென் 1டி மீன்லைன் கணக்கு (ஃப்ளோவோட நடுக்கோட்டுல மட்டும் போடற எளிய கணக்கு) போடும், ஸ்டேஜென் அதை வாங்கி ப்ளேடு ஷேப் போட்டு அடுக்கும், கடைசில மல்ட்டால் 3டி சிஎஃப்டி, அதாவது காத்து ஓடறதை கம்ப்யூட்டர்ல கணக்கு போடற வேலையை, ஓட்டும். எல்லாமே ஃபோர்ட்ரான் 77, கம்பைல் பண்ணி டெர்மினல்ல தான் ஓட்டணும். மவுஸ்ல க்ளிக் பண்ணி ப்ளேடை இழுத்து வளைக்கலாம்னு நெனச்சு வராதீங்க, எல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்தான், ஒரு நம்பர் இடம் மாறி உக்காந்தா மொத்தமும் கோவிந்தா.

நான் ஓட்டிப் பாத்தது எக்கார்ட்ங்கற ஆராய்ச்சியாளரோட ரோட்டார் ஓ, ஜெர்மனில 1970கள்ல லேசர் வச்சு உள்ள ஃப்ளோவை அளந்த பழைய இம்பெல்லர், இந்த ஃபீல்டுல இருக்கறவங்க எல்லாரும் முதல்ல இதுல தான் கை வைப்பாங்க. விட்டம் 400 மிமீ, 20 ப்ளேடு, பேக்ஸ்வீப் (ப்ளேடு நுனி சுத்தற திசைக்கு எதிரா சாயறது) கிடையாது, 14,000 ஆர்பிஎம். டிப் ஸ்பீடு, அதாவது வெளி விளிம்போட வேகம், செகண்டுக்கு 293 மீட்டர் வருது. வீஸ்னர் ஃபார்முலால ஸ்லிப் ஃபேக்டர் 0.877, அதாவது ப்ளேடு ஓடுற வேகத்துக்கு காத்து முழுசா சுத்தறதில்ல, 12 சதவீதம் வழுக்கிடுது, அப்போ டிப் ஸ்பீடு ஸ்கொயரை இதால பெருக்கினா ஒரு கிலோ காத்துக்கு போற வேலை சுமார் 75 கிலோஜூல். இந்த கணக்கை கையால போட்டு வச்சுக்கிட்டு அப்புறம் 3டி ரிசல்ட்டை பாருங்க, ரெண்டும் எட்டாத தூரத்துல இருந்தா மெஷ்ஷை (கணக்குக்காக ஃப்ளோவை பிரிக்கற கட்ட வலை) நோண்டாதீங்க, இன்புட்டை பாருங்க. ஷ்ரௌட் (வெளி மூடி) பக்கம், ப்ளேடோட அழுத்தம் குறைஞ்ச சக்ஷன் சைடுல மந்தமா தேங்கி நிக்கற வேக் இருக்கே, அது எங்க உருவாகுதுன்னு ஓரளவு காட்டுது, எவ்ளோ பெருசுங்கறதை டர்புலன்ஸ் மாடலை (காத்தோட கொந்தளிப்பை தோராயமா கணக்கு போடற ஃபார்முலாவை) நம்பி சொல்லாதீங்க.

எச் மெஷ் (ப்ளேடை சுத்தி வளையாம நேரா போற கட்டங்கள்)ங்கறதால லீடிங் எட்ஜ், அதாவது ப்ளேடோட முன் விளிம்பு, வளைவு கொஞ்சம் கரடுமுரடா தான் வரும், சோக் ஃப்ளோ (இதுக்கு மேல காத்து போகாதுங்கற அளவு) பாக்கறப்போ உஷார். ஆனா ஸ்பீடு செம, சாதா லேப்டாப்பே போதும், பேக்ஸ்வீப்பை மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்கறதுக்கு இதைவிட வசதி எனக்கு தெரிஞ்சு இல்ல. காசு குடுத்து வாங்கற பேக்கேஜ்ல டீஃபால்ட் வேல்யூ உள்ளயே உக்காந்துக்கிட்டு நமக்கு பதிலா முடிவு எடுத்துடும், இங்க ஆங்கிளெல்லாம் டெக்ஸ்ட் ஃபைல்ல கண்ணுக்கு தெரியும், நீங்களே மாத்திக்கலாம், அதனாலயே ஸ்டூடண்ட்ஸ், சின்ன கம்பெனிக்காரங்க தாராளமா எடுக்கலாம்.

ஸ்ட்ரெஸ் கணக்கு இதுல கிடையாது, அதுக்கு தனியா எஃப்இஏ (உலோகம் தாங்குமான்னு பாக்கற சாஃப்ட்வேர்) ஓட்டணும். ஃப்ளாங்க் மில்லிங்ல (கட்டரோட பக்கவாட்டால ப்ளேடை செதுக்கறது) வெட்டப் போறீங்கன்னா ப்ளேடு ரூல்டு சர்ஃபேஸா, அதாவது நேர்கோடுகளால ஆன பரப்பா இருக்கான்னு பாக்கறதும் உங்க பொறுப்பு.

5க்கு 4. அந்த ஒரு மார்க் டெக்ஸ்ட் ஃபைலுக்காக குறைச்சது.