48 வீடு, ஒரு பராமரிப்பு நிறுவனம், ஓராண்டுக் கணக்கு

மதுரை கோச்சடைப் பக்கம் 48 வீடுகள், 2 லிஃப்ட், 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் உள்ள குடியிருப்பு. அதை ஓராண்டாகப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிறுவனத்தைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். கூட்டுவது, பெருக்குவது, காவல் எல்லாம் நன்றாகவே நடக்கின்றன, ஐந்துக்கு நாலு. கணக்குக்கு மூன்று. சப்ளையர் தரும் கமிஷன் என்று பேச்செடுத்தால் மட்டும் வாயே திறப்பதில்லை. அதற்கு ஒன்று, அதுவும் போனால் போகிறது என்று.

சர்வீஸ் சார்ஜ் மாதம் 22,000 ரூபாய். மற்ற செலவெல்லாம் ஆகிற விலைக்கு. கேட்க மலிவுதான். ஆனால் லாரி தண்ணீர், டீசல், மோட்டார் வேலை, பெயிண்டிங் என்று பெரிய தொகைகள் போகிற இடத்தில் ஆளைப் பிடிப்பது நிறுவனம்தான். ஆகவே 22,000-ஐ 20,000 ஆக்கப் பேரம் பேசி மெனக்கெடுவது வீண். பார்க்க வேண்டியது அந்தப் பெரிய பில்களை.

தண்ணீரில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சம்ப் (நிலத்தடித் தொட்டி) சுவரில் சென்டிமீட்டர் அளவுகோல் வரைந்துவிட்டார்கள். சம்பின் உள்ளளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர். 12,000 லிட்டர் லாரி முழுசாக இறக்கினால் மட்டம் 50 சென்டிமீட்டர் ஏறணும். 42 தான் ஏறியது என்றால் வந்தது 10,080 லிட்டர். லாரி இறக்கும்போது மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்தி, மாநகராட்சிக் குழாய் வால்வையும் அடைத்திருக்கணும். இல்லாவிட்டால் அளவு பொய். இத்தனை இருந்தும் ரிஜிஸ்டரில் வாட்ச்மேன் எழுதுவது லாரி முதுகில் இருக்கிற '12,000'-ஐத்தான். 'முன் மட்டம், பின் மட்டம்' என்று இரண்டு கட்டம் போட்டிருந்தால் போதும். சித்திரை, வைகாசியில் நாளுக்கு ரெண்டு லாரி வரும்போது இந்த 8 சென்டிமீட்டர் சின்ன விஷயமில்லை. (அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாளே சம்பை ரொப்பி வைத்தார்கள். அதற்கு ஒரு சபாஷ்.)

டீசலுக்கு பங்க் பில் ஒழுங்காக வைக்கிறார்கள். ஜெனரேட்டர் எத்தனை மணி ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டர் ரீடிங் மட்டும் எங்கேயும் இல்லை. இந்த அளவு ஜெனரேட்டர் பாதி லோடில் மணிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் குடிக்கும். ரீடிங் இல்லாமல் லிட்டரை எந்த மணியால் வகுப்பது?

மோட்டார்தான் பெரிய தலைவலி. போர் மோட்டார் ஓராண்டில் மூன்று முறை காயில் கட்டப் போனது. பில்லில் 'ரீவைண்டிங்' என்று ஒரே வரி. ஏன் எரிந்தது என்று இல்லை. பேனல் போர்டைத் திறந்து பார்த்தால், தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் ட்ரை ரன் பாதுகாப்பு ரிலேயை ஒரு துண்டு ஒயரால் பைபாஸ் செய்திருக்கிறார்கள். கோடையில் போரில் நீர்மட்டம் இறங்கியதும் மோட்டார் தண்ணியில்லாமல் ஓடும், சூடேறும், காயில் போகும். ரிலேயைச் சரிசெய்யாமல் எத்தனை முறை கட்டினாலும் எரியத்தான் செய்யும். பழைய செம்புக் கம்பி என்ன ஆனது என்பதும் பில்லில் கிடையாது. அதற்கு எடைக்கு விலை உண்டு. கழித்த தொகையை எடையோடு எழுத வேண்டும்.

பெயிண்டிங்குக்கு மூன்று கொட்டேஷன் வந்தன. மூன்று லெட்டர்பேட், மூன்று விலை. சுவர்ப் பரப்பு மட்டும் மூன்றிலும் 18,450 சதுர அடி; 'வெளிப்புரம்' என்ற எழுத்துப் பிழையும் மூன்றிலும் அப்படியே. இனிமேல் அளவெடுப்பதை வீட்டுக்காரர்கள் சங்கமே செய்து, பிரைமர் எத்தனை கோட், பெயிண்ட் எத்தனை கோட் என்று தாளில் கொடுத்து, சதுர அடி விலை மட்டும் கேட்கணும். கவரைப் பொதுக்குழுவில் பிரிக்கணும்.

கமிஷன் விஷயத்துக்கு வெளிநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 'ஸ்ட்ராட்டா' முறை (வீடு தனித்தனிச் சொத்து, பொது இடம் எல்லாருக்கும் பொது) 1961-லேயே சட்டமானது. அங்கே 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பராமரிப்பு ஏஜெண்ட் போன ஆண்டில் வாங்கிய கமிஷனையும் வரும் ஆண்டில் எதிர்பார்ப்பதையும் ஆண்டுக் கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். இங்கே ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, வீடு விற்றுத்தரும் ஏஜெண்டுக்குத்தான், பராமரிப்பு நிறுவனத்துக்கு இல்லை. ஆகவே நம் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்: 'சப்ளையரிடமிருந்து பணம், தள்ளுபடி, பொருள் எதுவானாலும் 15 நாளில் எழுத்தில் தெரிவித்து, சங்கக் கணக்கில் வரவு வைக்கப்படும்.' வரைவில் இந்த வரியைச் சேர்த்து அனுப்பினால் நிறுவனம் ஒவ்வொரு முறையும் அதை அடித்துவிட்டே திருப்புகிறது.

பராமரிப்புத் தொகை வசூலில் இரண்டு குறை திருத்தியாகிவிட்டது. முதலில் க்யூ.ஆர். கோடில் கட்டிய பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. இப்போது சங்கத்தின் கணக்குக்கு, செயலாளர் பொருளாளர் இருவர் கையெழுத்தோடு. முதல் இரண்டு மாதம் வீட்டுக்காரர்களுக்குத் தந்த ரசீதில் நிறுவனத்தார் 18% ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை அது கிடையாது. தாண்டினாலும் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கேட்டதும் பணத்தைத் திருப்பிவிட்டார்கள்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சலான் மாதாமாதம் வருகிறது. ஆனால் நிறுவனம் முழுக்கச் சேர்த்து ஒரே தொகை. நம் கேட்டில் நிற்கிறவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று தெரியாது. ஆள்வாரிப் பட்டியல் வேண்டும். கட்டாமல் விட்டால் வேலை வாங்குகிற இடத்துக்கும் பொறுப்பு வரும்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம், கமிஷன் வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட்டால். கூடவே லிஃப்ட் உரிமம், பேனல் வரைபடம், ரிஜிஸ்டர்கள் எல்லாம் சங்கத்தின் சொத்து, விலகும்போது 7 நாளில் ஒப்படைக்கணும் என்பதையும் சேர்க்கவும். இப்போதைக்கு அவை நிறுவனத்து சூப்பர்வைசரின் பைக் பெட்டியில் இருக்கின்றன.