கூரைத் துணிக்கு த்ரீ எம் ஹெட்லைனர் ஸ்ப்ரே

காரின் கூரைத் துணி தொங்க ஆரம்பித்தால் சாதாரண ஸ்ப்ரே பசையை நம்ப வேண்டாம், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏறியதும் இளகிவிடும். த்ரீ எம்மின் 'ஹெட்லைனர் அண்ட் ஃபேப்ரிக்' ஸ்ப்ரே இதற்கென்றே வருவது, என் வண்டியில் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் துணி ஒட்டியிருந்த கூரைப் பலகையில் மாவாக உதிர்ந்து கிடக்கும், பழைய துணியின் பின்பக்க ஃபோமை பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து எடுக்காவிட்டால் எந்தப் பசையும் அந்தத் தூசியில்தான் ஒட்டும், சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை. அப்புறம் பலகை, புதுத் துணியின் ஃபோம் பக்கம் இரண்டிலும் அடித்து, பிசுபிசுப்பு வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவ வேண்டும்; ஈரத்தோடு அழுத்தினால் பசை ஊறி மேலே கறை தெரியும். வாடை கடுமை, பலகையைக் கழற்றி வெளியே வைத்தே செய்யுங்கள். கதவில் இழுத்து ஒட்டும் வினைலுக்கு இதை வாங்க மாட்டேன், அங்கே சூடு தாங்கும் கான்டாக்ட் சிமென்ட் என்ற பசைதான்.