எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி ப்ராஜெக்ட் லேப், எடுக்கலாமா வேணாமா?

எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டாவது வருஷம் வழக்கமான ப்ராக்டிகலுக்குப் பதிலா ஒரு செமஸ்டர் முழுக்க ப்ராஜெக்ட் லேப் எடுத்துக்கலாம். ஜூனியர்ஸ் நிறைய பேர் கேக்குறாங்க, அதான் எழுதுறேன். கண்டிப்பா எடுங்க, ஆனா சிலது தெரிஞ்சுகிட்டு எடுங்க.

வேலை என்னன்னா அவங்கவங்க ஊர் மண்ணுலேர்ந்து ஆன்டிபயாடிக் சுரக்குற ஆக்டினோமைசீட்ஸ்ங்கிற மண் பாக்டீரியாவைப் பிரிச்செடுக்கணும். ஸ்டார்ச் கேசீன் அகார்ங்கிற வளர்ப்பு ஊடகத்துல பரப்பி 28 டிகிரில ஒரு வாரம் வெச்சா சாக்பீஸ் தூள் மாதிரி காலனி (பாக்டீரியா கூட்டம்) வரும், அந்த மழைமண் வாசனையும் வரும், அது ஜியோஸ்மின்ங்கிற பொருளோட வாசனை. 1943ல ஸ்ட்ரெப்டோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடிச்சப்போ ஆல்பர்ட் ஷாட்ஸ் ரட்கர்ஸ்ல வாக்ஸ்மன் லேப்ல ஆராய்ச்சி மாணவர்தான், ஷாட்ஸோட ஒரு பாக்டீரியா ஸ்ட்ரெயினும் எரு போட்ட வயல் மண்ணுலேர்ந்து வந்ததுதான்.

எனக்கு உண்மையிலேயே பாடமா அமைஞ்சது 16எஸ் பிசிஆர், அதாவது எந்த பாக்டீரியான்னு கண்டுபிடிக்க அதோட 16எஸ் மரபணுவை நகலெடுத்துப் பெருக்குறது. 27எஃப், 1492ஆர் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கி வைக்கிற குட்டி டிஎன்ஏ துண்டுகள்) போட்டு ஜெல் ஓட்டினா 1500 பேஸ் நீளத்துக்கிட்ட பேண்ட் வந்துச்சு, டிஎன்ஏவே போடாத நெகட்டிவ் கன்ட்ரோல்லயும் வந்துச்சு! சாதா ப்ராக்டிகல்னா போன பேட்ச் ரெக்கார்ட் நோட்டைப் பாத்து எழுதி கையெழுத்து வாங்கிடலாம், இங்க விடை மேமுக்கே தெரியாது, அவங்களும் எங்களோட உக்காந்து யோசிச்சாங்க. தண்ணிய மாத்தினோம், பிரைமரைப் புதுசா கரைச்சோம், பேண்ட் போகவே இல்ல. அப்புறம் தேடிப் படிச்சாதான் தெரியுது, டிஎன்ஏவை நகலெடுக்குற டாக் என்சைமை ஈ.கோலைங்கிற பாக்டீரியால வெச்சு தயாரிக்கிறதால அதோட டிஎன்ஏ துளியூண்டு ஒட்டிட்டு வரலாம், இந்த பிரைமர் பெரும்பாலான பாக்டீரியாவப் புடிக்கும்ல, அதையும் பெருக்கிடும். பெருக்குற சுற்றை, அதாவது சைக்கிளை, 35லேர்ந்து 28 ஆக்கினோம், கன்ட்ரோல் சுத்தமாயிடுச்சு. கன்ட்ரோல் எதுக்குன்னு பரீட்சைல எத்தனையோ தடவை எழுதியிருக்கேன், புரிஞ்சது அன்னிக்குத்தான்.

குறைன்னா மதிப்பெண் போடுற முறை. காலனி எதுவுமே ஆன்டிபயாடிக் சுரக்காத குரூப்புக்கு மார்க் அடிபட்டுச்சு, அவங்க நோட்டுதான் எங்க எல்லாரோடதையும் விட ஒழுங்கா இருந்துச்சு, அதை யாரும் புரட்டிக்கூட பாக்கல, ரொம்ப அநியாயம். நோட்டுக்கு மார்க் வெக்காம ரிசல்ட்டுக்கு வெச்சா அப்புறம் டேட்டாவ ஜோடிக்கத்தான் தோணும். வெளிய அனுப்பின சீக்வென்ஸிங் (டிஎன்ஏ வரிசையைப் படிக்கிறது) ரிசல்ட்டும் வைவா முடிஞ்ச பிறகுதான் வந்துச்சு.

அதனால சேர்றதுக்கு முன்னாடியே மார்க் எதுக்கெல்லாம்னு கேட்டுக்குங்க, கெமிக்கல் காசு யார் தர்றாங்கன்னும் கேளுங்க. குரூப்ல மூணு பேருக்கு மேல வேணாம், மண்ண முதல் வாரமே எடுத்துடுங்க.